வராதவர் பட்டியல்

மார்ச் 3, செவ்வாய்

நிரஞ்சனாவின் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். 'தாயார் செய்யும் வேலை' என்ற கட்டத்தில் ஐ.டி. என்று எழுதிவிட்டு, "அப்படின்னா என்னம்மா பண்ற?" என்றாள். ஒன்பதாவது படிக்கிறாள். இன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது.

காத்திருக்க வைப்பதுதான் வேலை என்றேன். சிரித்தாள். உண்மையே அதுதான். ஓர் அறக்கட்டளை பதினோரு ஊர்களில் டயாலிசிஸ் மையம் நடத்துகிறது. சிறுநீரகம் கெட்டவர்கள் வாரம் இரண்டு முறை அங்கே போய் நான்கு மணி நேரம் நாற்காலியில் கிடந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். முந்தின நாள் காலையில் போன் செய்து ஒன்றை அமுக்கினால் மறுநாளைக்கு நாற்காலி. அந்தப் போனுக்குப் பின்னால் இருப்பது எங்கள் மென்பொருள். அமுக்கியதும் எங்கள் கணினி ஒரு சீட்டு எழுதி வரிசையில் போடும். மையத்துக் கணினி ஒவ்வொரு சீட்டாக எடுத்து, இடம் ஒதுக்கி, பதில் சொல்லும். அதுவரை எங்கள் கணினி காத்திருக்கும்.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், சீட்டு எவ்வளவு நேரம் வரிசையில் உயிரோடு இருக்கலாம். டைம்அவுட் என்று நாங்கள் சொல்லும் இந்த இரண்டு எண்களுக்கும் காவல்காரி நான். இப்போது காத்திருப்பு அறுபது விநாடி, சீட்டின் ஆயுள் ஐம்பது. காத்திருப்பவர் எழுந்து போவதற்குள் சீட்டு செத்துவிட வேண்டும். ஹோட்டலில் தோசை சொல்லிவிட்டு, வராது என்று எழுந்து போனவர் பெயரில் பின்னால் தோசை ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"இதுக்கு இன்ஜினியரிங் வேற படிச்சியா?" என்றாள்.

வியாழக்கிழமை அறக்கட்டளைக்காரர்கள் புதுத் திரையைப் பார்க்க வருகிறார்கள். திரையில் வட்டம் அரை நிமிடம் சுற்றுகிறது என்று ரங்கராஜ் சார் முகத்தைச் சுளித்தார். முதலாளி அவர். சுளிக்கலாம். மையங்களில் காலை நேரத்து இணையம் நத்தை, நாம் என்ன செய்ய முடியும் என்றேன். "நான் பாத்துக்கறேன் சார்" என்றான் நந்து. நந்தகோபால். எங்கள் அணித் தலைவன், ஒன்பது வருடமாக என் பக்கத்து மேசை. அவன் பார்த்துக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொள்வான். நான் நிம்மதியாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 4, புதன்

பொள்ளாச்சியில் நிரஞ்சனாவுக்கு கோ-கோ போட்டி. முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினார்கள். அதற்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள், பிளாஸ்டிக்கில்.

பதினொன்றரைக்கு நந்து கூப்பிட்டான். டெமோவுக்கு ஒரு சின்ன மாற்றம், ஒப்புதல் எண் வந்திருக்கும், சொல்லு என்றான். மைதானத்துச் சத்தத்தில் இரண்டு தடவை கத்திச் சொன்னேன். எங்கள் ஆபீசில் ஒருவர் செய்யும் மாற்றத்தை இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் தருபவர் போனுக்கு ஆறு இலக்க எண் வரும். படிக்காமல் வாயால் சொல்லிவிடுவதுதான் வழக்கம். டீ வாங்கி வரச் சொல்வது போல நம்பர் கேட்பார்கள், நாமும் சொல்வோம்.

மார்ச் 5, வியாழன்

டெமோ பிரமாதம். வட்டம் சட்டென்று நின்றுவிட்டது. ரங்கராஜ் சார் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வரவழைத்தார், தன் வாழ்க்கையில் முதல் முறையாக.

மதியம் நந்து என் டப்பாவை எட்டிப் பார்த்து, "கொள்ளு ரசம் இருக்குதா?" என்றான். இருந்தது. விடியற்காலையிலேயே எழுந்து வைத்துவிட்டேன். நிரஞ்சனா கொள்ளைத் தொட மாட்டாள்.

மார்ச் 12, வியாழன்

வாட்டர் கேன் வரவில்லை. நந்து நீலத்தில் புதுச் சட்டை. கல்யாண நாளாம், சுதா எடுத்துக் கொடுத்ததாம். அவனுக்கு நீலம் எடுக்காது. மெரூன்தான் எடுக்கும். எனக்கென்ன வந்தது.

மார்ச் 17, செவ்வாய்

உதவி எண்ணில் பேசும் பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறது. அழைப்புகளையெல்லாம் என் மேசைக்குத் திருப்பிவிட்டார்கள். காலை முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது.

ஓர் அம்மா, பெயர் பழனாத்தாள். சிறுமுகையில் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும் குரல். மேட்டுப்பாளையம் மையத்துக்குப் போகிறவர்.

"அம்மிணி, நான் ரெண்டு நாளு வர்லீன்னு எழுதி வெச்சிருக்கறாங்க. நான் போகாத நாளே இல்லீங்க. அடுப்பப் பத்த வெச்சுக் குடுத்துப்போட்டு, மொத பஸ்ஸுக்குப் போயிருவனுங்க."

"நீங்க பதிவு பண்ணுன அன்னைக்குப் போகாம விட்டுட்டீங்களோ என்னமோ?"

"போன்ல இல்லீன்னு வருதுங்க. அப்பறம் மறுக்கா போட்டா கெடைக்குது. கெடச்ச நேரத்துக்குப் போயிக் குந்திக்கறேன். இதுல எங்கீங்க போகாம உட்டேன்?"

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அடுத்த அழைப்பு வந்துவிட்டது. மாலையில் நிரஞ்சனாவுக்குக் கணக்குப் பரீட்சை, ஜாமெட்ரி பாக்ஸைக் காணோம்.

மார்ச் 24, செவ்வாய்

பழனாத்தாள் மறுபடியும். அழவில்லை, கோபப்படவில்லை, அதுதான் என்னவோ செய்தது.

"மூணாவது வாட்டியும் எழுதீட்டாங்க. நெரந்தரப் பட்டியல்ல இருந்து பேர எடுத்துட்டாங்களாமா."

விதி எனக்குத் தெரியும். நாற்காலிகள் குறைவு, ஆள் அதிகம். சொல்லிவிட்டு மூன்று முறை வராதவரை நிரந்தரப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு போன் பதிவு கிடையாது. விடிந்ததும் மையத்துக்குப் போய் பெஞ்சில் உட்கார வேண்டும். அன்றைக்கு யாராவது வராவிட்டால் அந்த நாற்காலி. எல்லோரும் வந்துவிட்டால் வீட்டுக்கு.

"போன வாரத்துல ஒரு நாளுதானுங்க கெடச்சுது. காலு வீங்கிக் கெடக்குது. செருப்பு நொழையறதில்லீங்க."

இந்த முறை எண்ணையும் தேதிகளையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 26, வியாழன்

பழனாத்தாள் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை.

பதிவுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். காலை ஆறு மணி ஐந்து நிமிடம்: ஒன்றை அமுக்குகிறார். எட்டாவது விநாடியில் எங்கள் கணினி 'இடம் ஒதுக்க இயலவில்லை' என்கிறது. அவர் போனை வைத்துவிடுகிறார். பத்தொன்பதாவது விநாடியில் மையத்துக் கணினி சாவகாசமாக அந்தச் சீட்டை எடுத்து, மறுநாள் ஏழு மணி நாற்காலியை அவர் பெயரில் எழுதுகிறது. பதில் சொல்ல ஆள் இல்லை. ஆறு பத்துக்கு மறுபடி அமுக்குகிறார். இந்த முறை பதினொரு மணி நாற்காலி கிடைக்கிறது, அவருக்கும் சொல்லப்படுகிறது. மறுநாள் பதினொரு மணிக்குப் போய் உட்காருகிறார். ஏழு மணி நாற்காலி காலியாகக் கிடக்கிறது. பழனாத்தாள் வரவில்லை என்று நர்ஸ் எழுதுகிறார்.

ஒருவருக்கே இரண்டு இடம் போகாமல் தடுக்கும் சோதனை எங்களிடம் உண்டு. ஆனால் 'இல்லை' என்று சொன்ன மறு விநாடி அது அந்த ஆளை மறந்துவிடும். மறந்தால்தான் அவர் மறுபடி அமுக்க முடியும்.

காத்திருப்பு எட்டு விநாடி. சீட்டின் ஆயுள் ஐம்பது. அறுபதாக இருந்ததை எவரோ எட்டாக்கி, ஐம்பதை அப்படியே விட்டிருக்கிறார்கள். டெமோவில் வட்டம் ஏன் அவ்வளவு சீக்கிரம் நின்றது என்று இப்போதுதான் புரிந்தது. என் காவலில் இருந்த எண், மூன்று வாரமாக நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நந்துவிடம் ஓடினேன். திரையைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். "அய்யய்யோ, அப்படியே கெடக்குதா?" என்றான். பிறகு, "ஒண்ணு பண்ணு, நீயே திருத்தீரு. உன் பேர்லயே போகட்டும். கண்டுபிடிச்சது நீதானே, நல்ல பேரு உனக்கு வரட்டும். நான் ஓகே பண்றேன்" என்றான்.

காத்திருப்பை நாற்பதாக்கி, ஆயுளை முப்பதாக்கினேன். பன்னிரண்டு மணிக்கெல்லாம் சரியாகிவிட்டது. நல்ல பேரை எனக்கு விட்டுக்கொடுக்கிறான் பார் என்று மனம் நிறைந்துபோனது. அதையும் எழுதி வைக்கிறேன், பின்னால் படித்துச் சிரிக்க.

மார்ச் 27, வெள்ளி

மாற்றங்களின் பதிவேட்டைத் திறந்தேன், பழனாத்தாளுக்குக் கடிதம் எழுதத் தேதி வேண்டும் என்று.

மார்ச் 4, காலை 11.34. காத்திருப்பு: அறுபதிலிருந்து எட்டு. மாற்றியவர்: மரகதவல்லி. ஒப்புதல்: நந்தகோபால்.

மார்ச் 26, நண்பகல் 12.02. எட்டிலிருந்து நாற்பது. மாற்றியவர்: மரகதவல்லி. ஒப்புதல்: நந்தகோபால்.

என் பெயரை நான்கு தடவை படித்தேன். 11.34க்கு நான் பொள்ளாச்சியில் குச்சி ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஏதோ கணினிக் கோளாறு. திங்கட்கிழமை நந்துவிடம் கேட்டால் தெரிந்துவிடும். அவன் இன்று சீக்கிரம் கிளம்பிவிட்டான்.

மார்ச் 28, சனி

கோளாறு இல்லை.

போனில் பழைய குறுஞ்செய்திகளைத் தேடினேன். நாங்கள் எண்ணை மட்டும்தான் பார்ப்போம், மேலே இருக்கும் வரியைப் படிப்பதே கிடையாது. ஒப்புதலுக்கு வருவதில் 'மாற்றத்துக்கு ஒப்புதல் அளிக்க' என்று இருக்கும். மார்ச் 4ஆம் தேதி 11.31க்கு வந்ததில் 'உங்கள் கணக்கில் நுழைய' என்று இருக்கிறது. அதன் கீழே, 'இந்த எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம்.'

நானே கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன், இரண்டு தடவை. என் பாஸ்வேர்டு அவனுக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். நிரஞ்சனாவின் பெயரும் பிறந்த வருடமும். அவள் காய்ச்சலில் கிடக்கும்போதெல்லாம் என் வேலையை அவன்தான் செய்து முடிப்பான், அதற்காகக் கொடுத்தது.

சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது நிரஞ்சனா, "கொள்ளு வாங்கலையா? நந்து அங்கிளுக்கு?" என்றாள். வேண்டாம் என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

மார்ச் 30, திங்கள்

ஆபீசில் வேண்டாம் என்று எதிரே இருக்கும் பேக்கரிக்குக் கூட்டிப் போனேன். எப்போதும் போல இரண்டு டீ, அவனுக்கு ஒரு முட்டை பப்ஸ்.

"பொள்ளாச்சிக்குக் கூப்பிட்டியே, அன்னைக்கு என்ன நம்பர் கேட்ட?"

பப்ஸைப் பிய்த்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "அதுவா… டைம்அவுட் உன்ற வேலை. என் பேர்ல போட்டா ரங்கராஜ் சார் ஏன் எதுக்குன்னு கேப்பாரு. அதான் உன் பேர்ல உள்ள போயி மாத்தீட்டு, நான் ஓகே குடுத்தேன். அஞ்சு நிமிஷ வேலை. இதுல என்ன இருக்குது?"

"சீட்டோட ஆயுள ஏன் கொறைக்கல?"

"மறந்துட்டேன்."

"டெமோ முடிஞ்சு ஏன் திருப்பி வெக்கல?"

"மறந்துட்டேன்னு சொல்றனல்ல, மரகதம்."

"உன் பேர்ல மாத்தீட்டு, ஒப்புதலுக்கு எங்கிட்ட நம்பர் கேட்டிருக்கலாமே. நான் படிக்காமயே சொல்லியிருப்பேன். ஒன்பது வருஷமா அப்படித்தானே சொல்றேன்?"

பப்ஸைத் தட்டில் வைத்தான்.

"வியாழக்கிழமை என்னையவே திருத்தச் சொன்னியே. அதுவும் மறந்தா?"

"டீ ஆறுது, குடி" என்றான்.

குடித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் குடித்தேன். நடுவில் அவன் மேசையில் சிந்தியதைக் கைக்குட்டையால் துடைத்தும் விட்டேன், பழக்கதோஷம். மார்ச் 4ஆம் தேதியே அவனுக்குத் தெரிந்திருக்கிறது, இது வினையாக முடியலாம் என்று. முடிந்தால் யார் தலையில் விழ வேண்டும் என்பதையும் அன்றே முடிவு செய்துவிட்டுத்தான் பொள்ளாச்சிக்குக் கூப்பிட்டிருக்கிறான். ஊருக்கே தெரியாத என் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஒரு பெருமை வேறு இருந்தது.

ஏப்ரல் 1, புதன்

ரங்கராஜ் சார் அறையில் நாங்கள் மூவர். அறக்கட்டளை விளக்கம் கேட்டிருக்கிறது, ஏன் திடீரென்று வராதவர் எண்ணிக்கை ஏறியது, ஏன் ஒன்பது பேரைப் பட்டியலிலிருந்து எடுக்க நேர்ந்தது என்று. நந்து அறிக்கை எழுதி வைத்திருந்தான். ஒன்றரைப் பக்கம். நோயாளிகள் பொறுமையின்றிப் பலமுறை அமுக்கியதால் இரட்டைப் பதிவு ஏற்பட்டது. மென்பொருளில் சிறு மேம்பாடு செய்யப்பட்டுவிட்டது. கீழே, மாற்றம் செய்தவர் என்ற இடத்தில் என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"பட்டியல்ல இருந்து எடுத்த ஒன்பது பேரு?" என்றேன்.

"ஜூலைல பட்டியலப் புதுப்பிக்கறப்ப தானா வந்துருவாங்க" என்றார் சார். "இப்ப அவங்கள உள்ள போட்டா, தப்பு நம்மோடதுன்னு நாமளே ஒத்துக்கிட்டாப்பல ஆயிரும். அடுத்த வருஷ ஒப்பந்தம் வருது, தெரியுமல்ல?"

"ஜூலை வரைக்கும் அவங்க தாங்கோணும் சார்."

"அதுக்குத்தானே பெஞ்சு இருக்குது."

மாற்றியது நானில்லை என்றேன். நந்து மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், என்னைவிட மென்மையான குரலில் சொன்னான்: "மரகதம் நல்ல இன்ஜினியர் சார். தப்பு யாருக்கும் வர்றதுதான். பெருசாக்க வேண்டாம்."

எனக்காகப் பரிந்து பேசுகிறான்! காது இரண்டும் சுட்டது. குறுஞ்செய்தியைக் காட்டலாம் என்று போனை எடுத்தேன். எடுத்த கையோடு புரிந்தது. உள்நுழையும் எண்ணை இன்னொருவருக்குச் சொன்னால் அன்றே வேலை போகும், வேலைக்குச் சேர்ந்த நாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் நம்பர் சொல்கிறவர்கள்தான். ஆனால் சொன்னதற்கு எழுத்தில் சாட்சி வைத்திருப்பது நான் ஒருத்திதான்.

"யோசிச்சு திங்கக்கெழம போட்டுக் குடு" என்றார் சார்.

ஏப்ரல் 2, வியாழன்

லீவு போட்டுவிட்டு மேட்டுப்பாளையம் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. பஸ்ஸில் முழுக்கக் கறிவேப்பிலை மூட்டை.

மையத்து வாசலில் அந்தப் பெஞ்ச். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. உள்ளே கதவு திறக்கும்போதெல்லாம் ஆறு தலையும் ஒன்றாகத் திரும்பின. ஒவ்வொருவரும் உள்ளே ஒருவர் வராமல் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். வேறு எதை நினைக்க முடியும்?

யார் பழனாத்தாள் என்று நர்ஸிடம் கேட்டேன். என் குரல் கேட்டதும் கடைசியில் இருந்தவர் எழப் பார்த்தார், முடியவில்லை. மெலிந்த முகம், உப்பிய கால்கள், காலில் அவருடைய வீட்டுக்காரருடைய ரப்பர் செருப்பு.

"போன்ல பேசுன அம்மிணிதானுங்களே? என்னையப் பாக்கவா வந்தீங்க?" முகம் மலர்ந்துவிட்டது. மையத்தில் ஏதோ சொல்லி இடம் வாங்கித் தர வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஐவரும் என்னைப் பார்த்தார்கள்.

"தப்பு உங்க மேல இல்லீங்க" என்றேன்.

"எனக்குத் தெரியுமுங்களே. நீங்க சொன்னாப்டியேதான பண்ணுனேன். இல்லீன்னு வந்தா இன்னொருக்கா அமுக்குங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அடுத்த நாளே அப்படித்தான் அமுக்குனேன். அதுதானுங்க மூணாவது."

பதினொன்றரை வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாற்காலி காலியானது, அது முதலில் வந்தவருக்குப் போயிற்று. பழனாத்தாள் சிறுமுகை பஸ் ஏறினார். ஏறும்போது படியில் நான் கை கொடுத்தேன். அவர் கையில் என் விரல் வைத்த இடம் பள்ளமாக நின்றது.

வீட்டுக்கு வந்து 17ஆம் தேதியைப் புரட்டினேன். 'பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன்' என்றுதான் இருக்கிறது. இன்னொரு தடவை அமுக்குங்கள் என்று சொன்னதை எழுதவில்லை. யாரும் படிக்காத என் நாட்குறிப்பிலேயே நான் அதை எழுதவில்லை. நந்துவை என்ன சொல்வது.

ஏப்ரல் 3, வெள்ளி

அரசு விடுமுறை. வீட்டிலிருந்தே பதிவுகளை எடுத்தேன். மூன்று வாரத்தில் வராதவர் என்று எழுதப்பட்டவை அறுபத்திரண்டு. அதில் நாற்பத்தேழு பொய். பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட ஒன்பது பேரும் அந்த நாற்பத்தேழுக்குள் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் அமுக்கிய நேரம், நாங்கள் இல்லை என்று சொன்ன நேரம், மையம் எழுதிய நேரம். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன், பத்துப் பக்கம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நந்துவைக் கூப்பிட்டேன். எனக்கு அவன்மேல் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது. இல்லாவிட்டால் கூப்பிட்டிருக்க மாட்டேன். ஒன்பது வருட நட்பு, அது வெறும் நட்புதான், அதற்கு இவ்வளவு மரியாதையாவது உண்டு.

"நாளைக்குப் பத்து மணி வரைக்கும் பாக்கறேன். நீயே போயி சார்கிட்ட உண்மையச் சொல்லு. உன்னையத் திட்டுவாரு, அதோட போயிரும். அந்த ஒன்பது பேரத் திரும்பச் சேக்கச் சொல்லு. சொல்லலீன்னா நான் அறக்கட்டளைக்கே போறேன்."

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி மரகதம். நீ சொல்றது நாயம். நானே சொல்லீர்றேன்" என்றான். குரல் உடைந்திருந்தது. எனக்குமே கண் கலங்கிவிட்டது. நிரஞ்சனாவிடம் சாயந்தரம் வெளியே சாப்பிடலாம் என்றேன். பரோட்டா சாப்பிட்டோம்.

ஏப்ரல் 6, திங்கள்

ஒன்பதே காலுக்கு ஆபீஸ் வாசலில் என் அட்டை வேலை செய்யவில்லை. மூன்று தடவை காட்டினேன். செக்யூரிட்டி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்கள உள்ள விட வேண்டாம்னு சார் சொல்லீட்டாருங்க மேடம்" என்றார்.

நேற்று நான் போனை வைத்ததும் நந்து சாரைக் கூப்பிட்டிருக்கிறான். உண்மையைச் சொல்ல இல்லை. நான் நோயாளிகளின் பதிவுகளை வெளியே கொண்டு போகப் போகிறேன் என்று சொல்ல. நான் கொடுத்த ஒரு ராத்திரி அவகாசத்தில் என் கணக்கை முடக்கி, அட்டையை முடக்கி, 'நந்தகோபால் தெரிவித்தபடி' என்று தொடங்கும் இடைநீக்கக் கடிதத்தையும் செக்யூரிட்டியிடம் கொடுத்து வைத்துவிட்டார்கள். கூட இருந்து குழி பறிப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். குழிக்குள் இறங்க நானே நேரமும் குறித்துக் கொடுத்தேன் பார், அந்தப் புத்திசாலித்தனத்தை எங்கும் கேள்விப்பட்டதில்லை.

ரோட்டில் நின்று அழுதேன். ஸ்கூட்டரில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பத்துப் பக்கமும் வெள்ளிக்கிழமையே பைக்குள் வந்துவிட்டது, அது அவனுக்குத் தெரியாது. ஆர்.எஸ்.புரத்தில் அறக்கட்டளை அலுவலகம். டாக்டர் அனசூயா என்பவர்தான் நிர்வாகி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். பக்கங்களைக் கொடுத்தேன். கூடவே கையால் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எண்ணை நான்தான் சொன்னேன். படிக்காமல் சொன்னேன். மூன்று வாரம் என் எண்ணை நானே பார்க்காமல் விட்டேன். பழனாத்தாளிடம் இன்னொரு முறை அமுக்கச் சொன்னதும் நான்தான்.

"இதக் குடுத்தா உங்க வேலை போயிருமே, தெரியுமா?" என்றார்.

"காலைலயே போயிருச்சுங்க டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. முதல் பக்கத்தை எடுத்து விரலால் வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தார்.

ஏப்ரல் 8, புதன்

நந்துவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. 'ஒன்பது வருஷம் பழகிட்டு இப்படி முதுகுல குத்துவேன்னு நினைக்கல.'

இரண்டு தடவை படித்தேன். மனதார நம்பித்தான் எழுதியிருக்கிறான், உண்மையிலேயே வலித்துத்தான் எழுதியிருக்கிறான். அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

துணி துவைத்தேன். பீரோவைக் காலி செய்து திரும்ப அடுக்கினேன்.

ஏப்ரல் 11, சனி

டாக்டர் அனசூயா கூப்பிட்டார். நாற்பத்தேழும் அழிக்கப்பட்டுவிட்டன. ஒன்பது பேரும் இன்றிலிருந்து நிரந்தரப் பட்டியலில். என் வேலையைப் பற்றி அவரால் ஒன்றும் செய்ய முடியாது, நானும் கேட்கவில்லை. அந்த ஒன்பது பேருக்கு யார் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் சொல்கிறேன் என்றேன்.

பழனாத்தாளை முதலில் கூப்பிட்டேன். திங்கட்கிழமைக்கு ஏழு மணி நாற்காலி அவருக்குத்தான், போனில் எதையும் அமுக்க வேண்டியதில்லை என்றேன். நன்றி சொல்வார், அழுவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.

"அப்ப, நான் வர்லீன்னு எழுதுனது பொய்யின்னு ஆயிப்போச்சுங்களா?"

"ஆமாங்க. அழிச்சுட்டாங்க."

"எழுத்துல இருக்குதுங்களா அது?"

"இருக்குதுங்க. ஏனுங்க?"

"இல்லீங்க அம்மிணி… ஆஸ்பத்திரிக்குன்னு கெளம்பி நான் எங்கியோ போறேன்னு இவரு ஒரு மாசமா எங்கூடப் பேசறதில்லீங்க. ஆஸ்பத்திரிக்காரங்களே வர்லீன்னு எழுதியிருக்கறாங்க, அவங்க பொய் சொல்லுவாங்களாங்கறாரு. சாப்பாடு வெச்சா எடுத்துக்கறதில்ல. நீங்க ஒருக்கா அவருகிட்டச் சொல்லறீங்களா? நான் சொன்னா எடுபடாதுங்க."

போன் கை மாறியது. "யாருங்க?" என்றது ஒரு ஆணின் குரல், கடுகடுவென்று.

என் பெயரைச் சொன்னேன், எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன். பிறகு, "உங்க சம்சாரம் ஒரு நாள்கூடப் போகாம இருந்ததில்லீங்க. மூணு நாளும் அந்த நாற்காலியிலதான் இருந்தாங்க. எங்க கணக்குதான் பொய். அவங்க சொன்னது அத்தனையும் நெசம்" என்றேன்.

"அத்தனையுமுங்களா?"

"அத்தனையுமுங்க."

போனைக் கீழே வைத்த சத்தம் கேட்டது, ஆனால் துண்டிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது. தூரத்தில் ஒரு பாத்திரம் நகர்ந்தது. பிறகு அந்தக் கடுகடுத்த குரல், கடுகடுப்பு போய், "ஏம் புள்ள… நீ சாப்பிட்டியா?" என்றது.

நான் உடனே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. பழனாத்தாள் என்ன பதில் சொல்கிறார் என்று, காதில் போனை அழுத்திக்கொண்டு நின்றிருந்தேன்.